டபள் கெப்பா, சிங்கிள் கெப்பா? ஆறு ஏக்கருக்கு ஒரு வாகனம் தேடிய கதை



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரமிருந்தால் வாசியுங்கள்.

இரண்டு வாரமாகப் பள்ளியிலும் சந்தியிலும் ஸ்டாஃப் ரூமிலும் ஒரே கேள்வி. "சேர், கெப் எடுத்திட்டீங்களாமே! ஏன் சேர் இவ்வளவு பழசா எடுத்தீங்க? தம்பி கட்டார்லதானே இரிக்கார்?" ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் பகுதியில் வெள்ளாமைக்கென்று வாகனம் எடுக்க யோசிப்பவர்கள் நிறையப் பேர் இருப்பதால் முழுக் கதையையும் இங்கேயே எழுதுகிறேன்.

இறக்காமத்துப் பக்கம் வாப்பாவின் ஆறு ஏக்கர் வயல். நான் பாடசாலை விட்டு வந்து மிச்ச நேரத்தில் பார்க்கிற வெள்ளாமை. வாப்பாவுக்கு முழங்கால் வருத்தம் வந்த பிறகு பொறுப்பு முழுவதும் என் தலையில். அக்கரைப்பற்று அம்பாறை வீதியில் போகும் வரை சுகம். அதை விட்டு இறங்கினால் கிறவல் ரோடு. அதற்குப் பிறகு வாய்க்கால் கரை. கடைசித் துண்டு இருக்கிறதே, மாரியில் அது ரோடா வாய்க்காலா என்று நமக்கே சந்தேகம் வரும். இத்தனை காலமும் மோட்டார் சைக்கிளின் பின்னால் உர மூடையைக் கட்டிக்கொண்டு அதில்தான் போய் வந்தேன்.

போன பெரும்போக வெட்டின்போது மழை பிடித்துக்கொண்டது. மெஷின் வெட்டிப் போட்ட நெல் படங்கில் கிடக்கிறது. வருவதாகச் சொன்ன மெசின் பெட்டி வேறு வயலுக்குப் போய்விட்டது. இரவு எட்டு மணிக்குத்தான் வந்தது. அதற்குள் அடி மூடைகள் நனைந்துவிட்டன. நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் கொடுப்பதென்றால் ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நமது நெல் அந்தக் கணக்குக்குப் பக்கத்திலேயே இல்லை. காயப்போட வெயிலும் இல்லை. வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்றிரவு தம்பிக்கு வொய்ஸ் போட்டேன். உடனே பதில் வந்தது.

"காக்கா, இனி ஒருத்தனிட்ட கெஞ்சத் தேவல்ல. ஒரு டபள் கெப் எடுப்போம். முக்கால்வாசிக் காசு நான் போடுறன்."

தம்பி கட்டாரில் எட்டு வருடமாக டிரைவர். கம்பனியின் டபள் கெப்பைத்தான் ஓட்டுகிறான். அந்த வொய்ஸில் இன்னொரு வார்த்தையும் சொன்னான். "எட்டு வருசமா ஆரோ ஒருத்தன்ட வண்டியக் கழுவுறன் காக்கா. ஒரு நாளைக்கு என்ட சொந்தத்தில ஓட்டணும்." அதைக் கேட்ட பிறகு வேறு யோசனை எனக்கு எங்கே வரும்?

தேடத் தொடங்கினேன். 2020 மார்ச்சில் டொலர் பிரச்சினையால் வாகன இறக்குமதியை நிறுத்தியது எல்லோருக்கும் தெரியும். தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடத்தில் நாட்டில் இருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி விலை ஏறிப்போயின. கதவு திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதிய டபள் கெப் நம்மைப் போன்றவர்கள் தொடுகிற விலையில் இல்லை. ஒரு விற்பனை நிலையத்தில் புதியது ஒன்றைக் காட்டி விலை சொன்னார்கள். நான் கணித ஆசிரியர். இதுவரை வாங்கிய சம்பளம் முழுவதையும் மனதுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு எழும்பி வந்தேன்.

அடுத்தது பத்து வருடம் ஓடிய ஒரு டபள் கெப். அதுவே ஒரு கோடியைத் தாண்டியது. கறுப்பு நிறம், பளபளவென்று இருந்தது. ஓட்டிப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஆசை வந்தது. சந்தியில் நிறுத்தி இறங்கும்போது நாலு பேர் பார்ப்பார்கள், பாடசாலைக்குள் கொண்டுபோகலாம், கலியாண வீட்டுக்குக் குடும்பத்தோடு போகலாம் என்றெல்லாம் மனம் ஓடியது. அந்த நேரத்தில் ஆறு ஏக்கரும் என் நினைவில் இல்லை.

வீட்டுக்கு வந்து வாப்பாவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

"வடிவாத்தான் இரிக்கி. மகன், வருசத்துல எத்தின நாள், எத்தின மூட ஏத்தப் போறாய் எண்டு எண்ணிப் பாத்தியா?"

எண்ணியிருக்கவில்லை. வாப்பா எழும்பிப் போய்த் தன் கணக்குக் கொப்பியை எடுத்துத் தந்தார். விதை, உரம், எண்ணெய், டீசல், கூலி எல்லாம் திகதி போட்டு எழுதுவது அவர் பழக்கம். இரண்டு போகத்தையும் எடுத்துக்கொண்டு அஸருக்குப் பிறகு உட்கார்ந்தேன். மஃரிப் பாங்கு சொல்லும்போது கணக்கு முடிந்திருந்தது.

ஒரு வருடத்தில் வயலுக்குப் பாரம் போன நாட்கள் மொத்தம் 41. அதில் 30 நாள் 300 கிலோவுக்குக் குறைவு. மருந்து, ஸ்பிறேயர், டீசல் கேன், வேலியடிக்கக் கம்பி, முல்லைக்காரருக்குச் சாப்பாடு. 7 நாள் கொஞ்சம் பாரம். விதை நெல் ஏக்கருக்கு இரண்டு புசல், ஒரு புசல் ஏறத்தாழ 20 கிலோ என்றால் எல்லாமாக 240 கிலோ. உரம் கூடிப்போனால் 50 கிலோ மூடை பத்து. அதுவும் அரை டொன்தான். மிச்சம் 4 நாள்தான் அறுவடை, போகத்துக்கு இரண்டு நாள்.

நான் வாகனம் தேடியதே அந்த அறுவடை நாளுக்காக. அதையும் கணக்குப் பார்த்தேன். ஏக்கருக்கு 28 மூடை வைத்தால் 168 மூடை. ஒரு மூடை 66 கிலோ என்றால் 11 டொன்னுக்கு மேல். சாதாரண கெப் ஒன்று சுமக்கிறது ஏறத்தாழ ஒரு டொன். மழை வருகிற மாலையில் சேற்று வழியால் 11 தடவை போய் வருவதா? ஒரு கோடி ரூபாய் கொடுத்து எடுத்தாலும் அன்றைய நாளுக்கு எனக்கு மெசின் பெட்டியும் லொறியும்தான் தேவை. போன போகத்தில் நான் நட்டப்பட்டது கெப் இல்லாததால் இல்லை. பெட்டிக்காரரோடு முன்கூட்டியே பேசி, முற்பணம் கொடுத்து, நாளை உறுதிப்படுத்தாததால்தான். இது விளங்கிய இடத்தில் எனக்கு வெட்கமாக இருந்தது.

இனிக் காசுக் கணக்கு. தம்பியின் சேமிப்பையும் எனது கையிருப்பையும் போட்டாலும் டபள் கெப்புக்குப் பெரிய துண்டு விழும். வட்டிக்கு லீசிங் எடுப்பதில்லை என்பதில் வீட்டில் எல்லோரும் ஒரே கருத்து. இஜாரா முறையில் தருகிறோம் என்று ஒரு நிறுவனத்தில் சொன்னார்கள். மாதாந்தக் கட்டணத்தை எழுதித் தந்தார்கள். முறை ஆகுமானதாக இருக்கலாம், ஆனால் பொறுப்பு பொறுப்புத்தான். நெல் நமக்கு வருடத்தில் இரண்டு முறை காசு தரும், சில வருடம் அதுவும் தராது. தவணை பன்னிரண்டு முறை கேட்கும். 2021 இல் உரம் நின்றது, 2022 இல் டீசலுக்கு வரிசையில் நின்றோம். அந்த நாட்களில் தலையில் தவணையும் இருந்திருந்தால் எத்தனை பேர் வயலையே விற்றிருப்போம்?

எனது சம்பளத்தில் அந்தத் தவணையைக் கட்ட முடியாது. அப்படியென்றால் யார் கட்டுவது? தம்பிதான். எத்தனை வருடம்? எழுதித் தந்த கடதாசியில் நான்கு வருடம் என்று இருந்தது. அவனது ஒப்பந்தம் இந்த வருடக் கடைசியில் முடிகிறது. வந்துவிடுகிறேன் என்று உம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அவன் போகும்போது தொட்டிலில் கிடந்த மகள் இப்போது மூன்றாம் வகுப்பு. வாப்பா என்றால் அவளுக்குப் போனில் தெரிகிற ஒரு முகம். அந்தக் கறுப்பு டபள் கெப் நம் முற்றத்துக்கு வந்தால் தம்பி இன்னும் நான்கு வருடம் வரமாட்டான். வாகனத்தின் உண்மையான விலை அதுதான்.

டபள் கெப் பக்கம் ஒரு நியாயமும் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆட்களை ஏற்றுவது. 2024 நவம்பர் 26 ஆம் திகதி மாவடிப்பள்ளியில் நடந்ததை நம்மில் யாரும் மறக்கவில்லை. மதரசா விட்டு வீடு திரும்பிய பிள்ளைகள், உழவு இயந்திரப் பெட்டி, வீதியைக் கடந்து பாய்ந்த வெள்ளம். அல்லாஹ் அந்தக் குழந்தைகளையும் அவர்களோடு போனவர்களையும் பொருந்திக்கொள்ளட்டும். அதற்குப் பிறகு பெட்டியில் ஆள் ஏற்றுவதில்லை என்று எனக்குள் ஒரு முடிவு. அப்படியென்றால் நான்கு கதவு வேண்டாமா என்று மனைவி கேட்டார். சரியான கேள்வி. கொப்பியைத் திரும்பப் பார்த்தோம். முல்லைக்காரர் இருவரும் வயலுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள், தங்கள் பைசிக்கிளில் வருகிறவர்கள். நாங்கள் கூட்டிப்போக வேண்டிய நாள் மிகக் குறைவு. அந்த நாட்களுக்கு ஓட்டோ பேசலாம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். போர் வீல் வாகனமென்றால் வெள்ளத்தைக் கடக்கலாம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஓடுகிற தண்ணீர் இரண்டடி இருந்தால் கெப்பையும் மிதக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போகும். எந்த வாகனம் இருந்தாலும் அன்றைக்கு வீட்டில் இருப்பதுதான் சரி.

எல்லாவற்றையும் எழுதித் தம்பிக்கு அனுப்பினேன். இரண்டு நீல நிறச் சரி விழுந்தது. பதில் இல்லை. மறுநாளும் இல்லை. அவனுடைய ஆசையை மிதித்துவிட்டேனோ என்று எனக்கு நித்திரை வரவில்லை. மூன்றாம் நாள் சுபஹுக்குப் பிறகு வொய்ஸ் வந்தது.

"காக்கா, கொஞ்சம் கோவம் வந்திச்சித்தான். பிறகு யோசிச்சன். சிங்கிள் கெப்பே எடு. முன்னுக்கு ரெண்டு பேர் இரிக்கலாம்தானே. நானும் வாப்பாவும் போய் வருவம். நீ சைக்கிள்ல பின்னால வா."

சிரித்தேன். சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தேன். அதை உம்மாவுக்கும் போட்டுக் காட்டினேன்.

எடுத்தது 1990களில் வந்த ஒரு ஜப்பான் சிங்கிள் கெப். டீசல், போர் வீல். அந்தக் கறுப்பு வாகனத்தின் விலையில் பாதிகூட இல்லை. தவணை இல்லை. சிறிய பட்டா வகை லொறிகளையும் பார்த்தேன். 700, 750 கிலோ சுமக்கும், எண்ணெய்ச் செலவும் குறைவு. தார் ரோட்டிலேயே வேலை என்றால் அதுதான் புத்தி. எனது கடைசித் துண்டு வாய்க்கால் கரைக்குச் சரிவராது என்பதால்தான் விட்டேன். டபள் கெப்பின் பெட்டி நீளம் சுமார் 5 அடி, சிங்கிள் கெப்பில் 7 அடிக்கு மேல் கிடைக்கும். கம்பி, குழாய், வேலிக் கம்பம் ஏற்றுகிறவர்களுக்கு அந்த இரண்டடியின் அருமை தெரியும்.

எடுக்க நினைக்கிறவர்களுக்கு நான் பட்டுப் படித்த சில விடயங்கள்:

நமது கடற்கரை ஊர்களில் ஓடிய வாகனமென்றால் முதலில் கீழே படுத்துச் செசியைப் பாருங்கள். நான் பார்த்த ஒரு வாகனத்துக்குப் புதுப் பெயின்ற் அடித்திருந்தார்கள். கராஜ்காரர் சுத்தியலால் மெல்லத் தட்டினார். துரு பொருக்குப் பொருக்காக விழுந்தது.

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய் ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். நீங்கள் போகும்போதே எஞ்சின் சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

போர் வீல் இருக்கிறது என்ற பேச்சை நம்பாதீர்கள். சேற்றில் இறக்கிப் போட்டுப் பாருங்கள்.

புத்தகத்தில் செசி இலக்கமும் வாகனத்தில் அடித்த இலக்கமும் ஒன்றா, லீசிங் நிறுவனத்தின் பெயர் இன்னும் உரிமையாளர் இடத்தில் கிடக்கிறதா, எந்த வகுப்பில் பதிந்திருக்கிறது என்பதையெல்லாம் காசு கொடுக்க முன் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன் ஒரு கொப்பியை எடுத்து உங்கள் பாரத்தையும் நாட்களையும் எழுதுங்கள். இருபது ஏக்கர் செய்கிறவருக்கோ, மரக்கறி ஏற்றி வியாபாரம் செய்கிறவருக்கோ என்னுடைய விடை பொருந்தாது. அவர்களுக்குப் பெரிய வாகனம் உழைத்துத் தரும். அவரவர் கணக்கை அவரவர் போட வேண்டும்.

இந்தச் சிறுபோகத்துக்கு உரம் இந்தக் கெப்பில்தான் போனது. ஏசி இல்லை. கண்ணாடியைக் கையால் சுற்ற வேண்டும். வாப்பா முன்னால் இருந்து வயல் வரை வந்தார், இரண்டு வருடத்துக்குப் பிறகு. வாடியில் உட்கார்ந்து அரை மணித்தியாலம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அறுவடைக்கு மெசின் பெட்டிக்காரருக்கு இப்போதே முற்பணம் கொடுத்துவிட்டேன்.

தம்பி இந்த வருடக் கடைசியில் நல்லபடி ஊர் வந்து சேர துஆச் செய்யுங்கள். எங்கள் வட்டைப் பக்கம் யாருக்காவது உர மூடை ஏற்றத் தேவையென்றால் பாடசாலை விட்ட பிறகு சொல்லுங்கள். டீசலை மட்டும் நீங்கள் போடுங்கள்.