அரிசி டிரம்முக்குள் இருந்த மாத்திரைகள்

பெரியம்மா வீட்டு அரிசி டிரம்மில் கையை விட்டபோது ஒரு பிளாஸ்டிக் பை தட்டுப்பட்டது. உள்ளே சர்க்கரை மாத்திரை அட்டைகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர் மாதாமாதம் வாசலுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போனவை. எண்ணிப் பார்த்தேன், மூன்று மாத மாத்திரை. அதற்கு முந்தின வாரம்தான் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் பெரியம்மாவின் இடது காலில் இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். மாற்றுச் சேலையும் கஞ்சிக்கு அரிசியும் எடுக்கத்தான் நான் வந்திருந்தேன்.

திரும்பிப் போய்க் கட்டிலோரம் உட்கார்ந்து கேட்டேன். “ஏன் பெரிம்மா இப்பிடிப் பண்ணுன?”

“சாபத்த முறிச்சாச்சுன்னு சொல்லிட்டாருட்டி. அதுக்கப்புறமும் மாத்திரையப் போட்டா விசுவாசம் இல்லேன்னுல்லா ஆவும்?”

சொன்னவரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த ஒருவரோடு விஷயம் முடிந்துவிட்டது போலத் தோன்றும். அவரைப் போன்றவர்கள் வருடத்துக்கு நாலு பேர் எங்கள் பக்கம் வந்து போகிறார்கள்.

ஆனி, ஆடியில் சாரல் விழுந்தால் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருக்கும் அந்த ஐந்து கிலோமீட்டர் ரோட்டில் லாட்ஜ் விளம்பரம், சிப்ஸ் கடை, எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் என்று கூட்டம் நெரியும். அந்த விளம்பரங்களுக்கு நடுவில் இவர்களுடைய போஸ்டரும் இருக்கும்: மூன்று நாள் குடும்ப சாப விடுதலைக் கூட்டம், கல்யாண மண்டபத்தில். கடையம், பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கத்துப் பீடி சுற்றும் பெண்கள் வேன் பிடித்துப் போவார்கள். பெரியம்மாவும் அப்படித்தான் போனார். கம்மலை அடகு வைத்து ‘விதைக் காணிக்கை’ போட்டதும் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இரண்டு மாதம் கழித்து அதே ஆள் வேறொரு ஊரில் நடத்திய கூட்டத்துக்கு நானும் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். வாசலிலேயே ஒரு படிவம் கொடுத்தார்கள். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் மூன்று தலைமுறைப் பெயர்கள். அவர்கள் கும்பிட்ட சாமி. அந்தச் சாமிக்கு அவர்கள் செய்த வேலை. நான் சமூகவியல் முதுகலைக்குக் களஆய்வு செய்தபோதுகூட இவ்வளவு துல்லியமான படிவம் தயாரித்ததில்லை.

பெரியம்மாவின் படிவத்தை யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சாமி: சுடலைமாடன். வேலை: பறை அடித்தது.

எங்கள் தாத்தா ஊர்க் கொடைக்குப் பறை அடித்தவர். கோயில் அவருடையது இல்லை, சாமியும் அவர் தேர்ந்தெடுத்தது இல்லை. மதிலுக்கு வெளியே நின்று ராத்திரி முழுக்க அடிக்க வேண்டும். எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சச் சோற்றைத் துண்டில் வாங்கிக்கொண்டு தெருவுக்கு வர வேண்டும். ஒரு வருடம் காய்ச்சல் கண்டு, வர முடியாது என்று சொல்லி அனுப்பியதற்காக அவரை வேப்பமரத்தில் கட்டி வைத்து அடித்தார்கள். அப்போது பெரியம்மாவுக்கு ஏழு வயது. மரத்தடியில் நின்று பார்த்திருக்கிறார். அந்தக் கையைத்தான் குற்றாலத்து மண்டபத்தில் மைக்கில் சொன்னார்களாம், பேய்க்குக் கொட்டு அடித்த கை என்று. அதன் சாபம்தான் பிள்ளைகள் ரத்தத்தில் சர்க்கரையாக ஓடுகிறதாம். பெரியம்மா மேடையில் மண்டிபோட்டு, தன் அப்பாவின் பாவத்துக்காக மன்னிப்புக் கேட்டிருக்கிறார்.

கட்டிப்போட்டு அடித்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இப்படி ஒரு படிவம் யாரும் நீட்டவில்லை.

தோழர்களே, இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு இது எங்கேயோ கேட்டதுபோல இருக்கும். மதம் மாறிய தீண்டப்படாதவர்களின் நிலை பற்றி அம்பேத்கர் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. அவர் காலத்தில் அச்சாகவில்லை. 1989-இல் மகாராஷ்டிர அரசு வெளியிட்ட தொகுப்பின் ஐந்தாம் தொகுதியில் இருக்கிறது. இந்துவாக இருந்தபோது உன் தாழ்வுக்கு உன் கர்மம் காரணம் என்றார்கள். கிறித்தவனான பிறகு உன் மூதாதையின் பாவம் காரணம் என்கிறார்கள். இரண்டிலும் தன்னைச் சுற்றியுள்ள சமூகத்தை எதிர்த்துப் போராட அவனுக்கு எதுவும் கிடைப்பதில்லை என்ற பொருளில் அதில் வாதிடுகிறார். அவர் சொன்ன மூதாதை ஆதாம். எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் ஆதாம் வரைக்கும் போகும் சிரமம்கூட எடுப்பதில்லை, தாத்தாவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கர்மக் கோட்பாடுதான் துன்பத்துக்குச் சொல்லப்பட்ட விளக்கங்களிலேயே ஓட்டையில்லாதது என்று மாக்ஸ் வெபர் கருதினார் என நான் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அது வேறு சட்டை போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

பெரியம்மாவிடம் அம்பேத்கர் சொன்னதைச் சொன்னேன். “நல்ல மனுசந்தாம்ட்டி. ஆனா அவரு ரட்சிக்கப்படலையே” என்று முடித்துவிட்டார்.

சரி, அவருடைய புத்தகத்திலிருந்தே பேசுவோம் என்று முடிவு செய்தேன். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார், விரல் ஒவ்வொரு சொல்லாக நகரும். எசேக்கியேல் 18-ஆம் அதிகாரத்தை எடுத்துக் கொடுத்தேன். பாபிலோனுக்கு அடிமைகளாகப் பிடித்துப் போகப்பட்டவர்கள், அப்பன்கள் புளித்த திராட்சையைத் தின்றதால் பிள்ளைகளின் பல் கூசுகிறது என்று ஒரு பழமொழி சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தார்கள். இனி அந்தப் பழமொழியை யாரும் சொல்லக்கூடாது என்று கடவுள் சொல்வதாகத் தீர்க்கதரிசி அறிவிக்கிறார். பிறகு யோவான் 9. பிறவியிலேயே பார்வையில்லாதவரைக் காட்டி, இவன் பாவம் செய்தானா, இவனைப் பெற்றவர்கள் செய்தார்களா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இயேசு இரண்டையும் மறுக்கிறார். நான் அதோடு நிறுத்தியிருப்பேன். பெரியம்மா விடாமல் அதிகாரம் முழுவதையும் வாசித்தார். பார்வை கிடைத்தவரை மதத் தலைவர்கள் கூப்பிட்டு விசாரித்து, பாவத்திலேயே பிறந்தவன் எங்களுக்குப் போதிக்கிறாயா என்று வெளியே தள்ளும் இடத்தில் அவர் விரல் நின்றது.

“பாத்தியா, பொறந்ததையே குத்தமாச் சொல்லித் தள்ளுதானுவோ. நம்மளச் சொன்ன மாதிரியே.”

ஒரு எம்.ஏ.வும் இல்லாமல் வந்த வார்த்தை இது.

அவர்களும் சும்மா இருக்க மாட்டார்கள், வசனம் காட்டுவார்கள். பிதாக்களின் அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறை வரை விசாரிக்கப்படும் என்று யாத்திராகமம் 20-இல் இருக்கிறதுதான். அதே இடத்தில் அடுத்து வருவது ஆயிரம் தலைமுறைக்கு இரக்கம். அதைப் படிவத்தில் கேட்கவில்லை. வனாந்தரத்தில் இயேசுவைச் சோதித்த பிசாசும் வசனம் சொல்லித்தான் பேசியது என்பது ஞாயிறு பள்ளிக்குப் போன எந்தப் பிள்ளைக்கும் தெரியும்.

பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய கடிதத்தில் வரங்களைப் பட்டியலிடும்போது ‘ஆவிகளைப் பகுத்தறிதல்’ என்றும் ஒரு வரம் தமிழ் வேதாகமத்தில் வருகிறது. பெரியார் வழியாக நாம் சொந்தமாக்கிக்கொண்ட அதே சொல். சாமியாடுவதும் அந்நிய பாஷை பேசுவதும்தான் ஆவி என்று எண்ணிப் பல தோழர்கள் சபைப் பக்கமே திரும்புவதில்லை. பெரியம்மா விஷயத்தைச் சொன்னபோது ஒருவர் ‘மூடநம்பிக்கை’ என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். நான் அவரோடு கோபித்துக்கொண்டேன். பிறகு யோசித்தால், அந்த மூன்று மாதத்தில் நானும் ஒரு தடவைகூடப் பெரியம்மா வீட்டுக்குப் போகவில்லை. அந்தப் போதகர் போயிருக்கிறார். தலையில் கை வைத்திருக்கிறார், தண்ணீர் வாங்கிக் குடித்திருக்கிறார். எங்கள் தெருவில் தண்ணீர் வாங்கிக் குடிப்பது சின்ன விஷயம் இல்லை.

தகரக் கூரைச் சபைகளை நான் குறைவாகப் பேச மாட்டேன். ஊர்க் கூட்டத்தில் வாய் திறக்க விடாத பெண்கள் அங்கே மைக் பிடித்துச் சாட்சி சொல்கிறார்கள். பெரியம்மா குடியை நிறுத்த வைத்த ஆண்களின் கணக்கை வைத்தால் எங்கள் விழிப்புணர்வு முகாம்கள் கிட்ட நிற்காது.

‘கள்ளப் போதகர்’ என்ற சொல்லை யார் எதற்காகச் சொல்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. எங்கள் பக்கத்து மீனாட்சிபுரத்தில் 1981 பிப்ரவரி 19 அன்று சுமார் 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்துக்குப் போனபோது டெல்லி வரை கேட்ட கேள்வி, யார் பணம் கொடுத்தது என்பதுதான். அந்த ஊர்க்காரர்கள் எதிலிருந்து தப்பி ஓடினார்கள் என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர். 2002-இல் இங்கே கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோதும் இதே சொற்கள்தான் ஓடின. 2004-இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்தக் கும்பலோடு சேர்ந்து நான் எந்தப் போதகரையும் கல்லெறியத் தயாராக இல்லை. ஆனால் அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டால் விரல் போவது எங்கள் வீட்டில்தானே.

கல் கட்டடச் சபைக்காரர் ஒருவர், “அதுக்குத்தாம்மா மெயின் சர்ச்சுல இருக்கணும்கிறது, இந்தக் குடிசைக் கூட்டமெல்லாம் கள்ள உபதேசம்” என்றார். அவர் சபையில் எங்கள் தெருவிலிருந்து யார் கமிட்டியில் இருக்கிறார் என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார். சாதி வேறுபாட்டைச் சபையில் அடியோடு விட்டுவிட வேண்டும் என்று ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை விட்டது 1833-இல். அதற்கே எத்தனை எதிர்ப்பு! கத்தோலிக்கப் பக்கம் வடக்கன்குளத்தில் வெள்ளாளரும் நாடாரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பூசை காணக் கோயிலையே இரட்டையாகக் கட்டினார்கள். பிரித்த சுவரை 1910-இல் பாதிரியார்கள் இடித்தார்கள், வெள்ளாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அதே வடக்கன்குளத்தில் 1745-இல் ஞானஸ்நானம் பெற்ற தேவசகாயத்தை 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவித்தார்கள். அதற்கு முன்பு அவர் பெயரோடு ஒட்டியிருந்த ‘பிள்ளை’யை எடுக்கச் சொல்லி வத்திக்கானுக்கு மனுப் போட்டுப் போராட வேண்டியிருந்தது. அந்தியோகியாவில் யூதரல்லாதவர்களோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, சில பெரிய மனிதர்களின் ஆட்கள் வந்ததும் எழுந்து விலகிப் போனார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேராகக் கண்டித்ததைக் கலாத்தியர் நிருபம் சொல்கிறது. ஓர் உபதேசம் நேராக இருக்கிறதா என்று பந்தியைப் பார்த்தே பவுலுக்குத் தெரிந்திருக்கிறது.

காணிக்கை விஷயத்துக்கு நான் சபைப் பெண்களிடம் சொல்லிக் கொடுப்பது ‘திதாகே’ என்ற பழைய கிறித்தவக் கையேட்டில் இருக்கும் ஒரு விதி. ஆதிச் சபைக் காலத்தைச் சேர்ந்தது. 1873-இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கையெழுத்துப் பிரதி கிடைத்தது. ஊர் ஊராக வரும் ஊழியக்காரர் ஒரு நாள், தேவையென்றால் இரண்டு நாள் தங்கலாம், மூன்றாம் நாளும் தங்கினால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி. போகும்போது அடுத்த தங்கலுக்கு வேண்டிய ரொட்டி தவிர வேறு வாங்கக் கூடாது. ஆவியில் பேசுகிறேன் என்று தனக்காகப் பணம் கேட்டால் கேட்கவே வேண்டாம்; இல்லாத மற்றவர்களுக்காகக் கேட்டால் பரவாயில்லை. இதைச் சொன்னதும் பெண்கள் சிரித்த சிரிப்பு எனக்கு மறக்காது. மூன்று நாள் கூட்டம் என்றுதானே எல்லாப் போஸ்டரிலும் போட்டிருக்கிறது!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கூட்டத்தில் சாபத்துக்குக் காட்டிய இரண்டாவது காரணம் சாதிச் சான்றிதழ். சபையில் கிறிஸ்தவர், சர்டிபிகேட்டில் இந்து. கர்த்தரிடம் பொய் சொல்லும் குடும்பம் எப்படி விளங்கும் என்று கேட்டிருக்கிறார். பாதிப் பெண்கள் அழுதார்களாம். 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர். 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறித்தவரைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய தலித்துகள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். 2024 நவம்பரில் செல்வராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், கிறித்தவ நம்பிக்கையைக் கைக்கொண்டு இந்து என்று சான்றிதழ் கேட்பதை அரசமைப்பின் மீதான மோசடி என்றே சொல்லிவிட்டது. சாதி ஞானஸ்நானத்தில் கரையவில்லை என்பது கல்லறைத் தோட்டத்துக்குப் போனால் தெரியும். பிள்ளையைப் படிக்கவைக்க வழி தேடிய தாயைப் பார்த்துப் பொய்காரி என்கிற போதகர், அவளை அந்த இடத்தில் நிறுத்திய ஆணையைப் பற்றி ஒரு வார்த்தை ஜெபிக்கவில்லை.

பெரியம்மா இப்போது மாத்திரை போடுகிறார். சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றும்போது கால் மரத்துப்போவதால் மனை போட்டு உட்காருகிறார். தெருக்கோடித் தகரக் கூரைச் சபைக்கும் போகிறார், போகாதே என்று நான் சொல்லவில்லை. போன மாதம் சாட்சி நேரத்தில் எழுந்து, எங்க அப்பா மேல ஒரு சாபமும் இல்ல, சர்க்கரைக்கு மாத்திரை போடணும், எனக்கு விரலு போச்சு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். பாஸ்டர் கொஞ்ச நேரம் பேசாமல் நின்று, பிறகு அல்லேலூயா சொன்னாராம்.

மறுநாள் காலையில் அந்தச் சபையிலிருந்து இரண்டு பெண்கள் என்னைத் தேடி வந்தார்கள். அவர்கள் வீட்டிலும் பிரிக்காத அட்டைகள் இருக்கின்றன. வியாழக்கிழமை தென்காசி ஆஸ்பத்திரிக்குச் சர்க்கரை பார்க்கக் கூட்டிப் போகிறேன்.