விற்பவன் ஏன் பணம் கட்ட வேண்டும்?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். டொமைன், அதாவது இணையத்தில் நாம் பதிவு செய்து வைத்திருக்கும் பெயர், அதை விற்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன். நம் பிள்ளைகளில் பலர் கடைக்கும் தொழிலுக்கும் பெயர் வாங்கிவிட்டு, ஆண்டுக்கு ஆண்டு புதுப்பித்து வருகிறீர்கள். 2024 அக்டோபரில் ஜியோஹாட்ஸ்டார் என்ற பெயரை டெல்லி இளைஞர் ஒருவர் முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த செய்தி வந்ததிலிருந்து, "நம்மிடம் இருப்பதற்கும் விலை வருமா சார்?" என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள்.

அவர்களில் ஒருவர் மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கும் என் பழைய மாணவர். உப்பைப் பாக்கெட் போட்டு நேரடியாக விற்கலாம் என்று ஒரு பெயரைப் பதிவு செய்தார். தொழில் அந்த அளவுக்கு வளரவில்லை, பெயர் மட்டும் மிச்சம். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய நேரத்தில், வெளிநாட்டிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் பெயரை நான்கு லட்ச ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறேன், பேரம் வேண்டாம் என்று. இரண்டாவது கடிதத்தில் ஒரு சிறிய நிபந்தனை. பெயரின் மதிப்பை உறுதி செய்யும் சான்றிதழ் வேண்டும், என் பங்காளிகள் கேட்கிறார்கள், இன்ன தளத்தில் வாங்கினால்தான் செல்லும். கட்டணம் எட்டாயிரம் ரூபாய்.

நாலு லட்சத்துக்கு முன்னால் எட்டாயிரம் பெரிதா என்றுதான் யாருக்கும் தோன்றும். ஏமாற்றுபவன் நம்பியிருப்பதும் அந்தக் கணக்கைத்தான். அந்தச் சான்றிதழ்த் தளமும் அவனுடையது. "இங்கே வாங்கினேன், நல்ல சேவை" என்று பாராட்டி எழுதியிருப்பவர்களும் அவனுடைய ஆட்கள். எட்டாயிரம் போனதும் வாங்குபவர் காணாமல் போவார். இது உலகம் முழுக்கப் பல ஆண்டுகளாக நடக்கும் பழைய வித்தை.

அவரிடம் நான் கேட்டது ஒன்றுதான். "ஏம்ப்பா, உன் அளத்துக்கு உப்பு வாங்க வரும் வியாபாரி, எடை போடும் கூலியை நீ முதலில் என் மச்சான் கையில் கொடு, அப்புறம் லாரி அனுப்புகிறேன் என்று சொன்னால் கொடுப்பாயா?" சிரித்துவிட்டார். பிறகு ஒரு பதில் எழுதச் சொன்னேன்: "சான்றிதழை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள், அந்தத் தொகையை விலையில் கழித்துக்கொள்ளலாம்." உண்மையில் வாங்க வந்தவருக்கு இதில் நஷ்டமே இல்லை. ஆனால் எதிர்ப்பக்கம் இரண்டு முறை அவசரப்படுத்தி, ஒரு முறை கோபப்பட்டு, பிறகு அடங்கிவிட்டது. கட்டணத்துக்கு நகையை அடகு வைக்க வேண்டியதாயிற்று. அது வருத்தம்தான். ஆனால் எட்டாயிரம் கைவிட்டுப் போகவில்லை, பெயரும் அவரிடமே இருக்கிறது.

இன்னொரு வகை, பணம் கேட்காமல் பெயரையே கேட்கும். ஒரு பதிவாளரிடமிருந்து இன்னொருவருக்குப் பெயரை மாற்ற ஒரு ரகசியக் குறியீடு உண்டு. ஆத் கோடு என்பார்கள். அது கொட்டகைச் சாவி மாதிரி. "பணம் அனுப்பிவிட்டேன், ரசீது இதோ" என்று படம் அனுப்பி அதைக் கேட்பார்கள். ரசீதுப் படத்தை யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம். உங்கள் வங்கிக் கணக்கை நீங்களே திறந்து பார்த்து, பணம் வந்திருந்தால்தான் அடுத்த பேச்சு. காசோலையும் கார்டு வழிப் பணமும் வந்த பிறகும் திரும்பிப் போகக்கூடும் என்பதை மறக்க வேண்டாம். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

பெரிய தொகை என்றால் எஸ்குரோ முறை நல்லது. பொதுவான மூன்றாவது நிறுவனம் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பெயர் கைமாறியதும் விற்றவரிடம் கொடுக்கும். எஸ்குரோ டாட் காம் என்ற நிறுவனம் 1999 முதல் இதைச் செய்கிறது. அதே சாயலில் போலித் தளங்களும் வந்துவிட்டன. எனவே வாங்குபவர் அனுப்பும் சுட்டியைத் தொடாதீர்கள். முகவரியை நீங்களே எழுத்துக் கூட்டித் தட்டுங்கள்.

பெயர்தானே, போனால் போகட்டும் என்று நினைக்காதீர்கள். சத்யம் இன்ஃபோவே வழக்கில் 2004-ல் நம் உச்ச நீதிமன்றம், இணையப் பெயருக்கும் வணிகக் குறியீட்டுக்கு உள்ளது போன்ற பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. அதற்கு மறுபக்கமும் உண்டு: அடுத்தவர் நிறுவனப் பெயரை வாங்கி வைத்துக்கொண்டு விலை பேசினால், சட்டம் உங்களுக்கு எதிராகத் திரும்பும். அமெரிக்காவில் ஒருவர் 1994-ல் பதிவு செய்த ஒரு பெயரை (அதை இங்கே எழுத ஆசிரியர் கை கூசுகிறது) மறு ஆண்டு இன்னொருவர் ஒரு போலிக் கடிதத்தைக் காட்டித் தன் பேருக்கு மாற்றிக்கொண்டார். நீதிமன்றம் வழியாகத் திரும்பப் பெற ஐந்து ஆண்டுகள் ஆயின. 2001-ல் 6.5 கோடி டாலர் இழப்பீடு தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது. திருடியவர் மெக்சிகோவுக்கு ஓடிவிட்டார். வசதி உள்ளவருக்கே அந்தப் பாடு என்றால் நாம் எம்மாத்திரம்?

யாராவது ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியில் நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

வகுப்பில் கூட்டலும் கழித்தலும் சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். விற்பனையில் பணம் வாங்குபவரிடமிருந்து விற்பவரிடம் வரும். திசை மாறினால் அது வியாபாரம் இல்லை. சந்தேகம் வந்தால், பணம் கட்டும் முன் எனக்கு ஒரு போன் போடுங்கள். இரவு பத்து மணியானாலும் பரவாயில்லை.