பழைய பெக்கோ ஒன்று வாங்கினோம்

மாடு வாங்கச் செல்பவர் அதன் பல்லைப் பார்ப்பார். காணி வாங்கச் செல்பவர் உறுதியைப் பார்ப்பார். பழைய பெக்கோ இயந்திரம் வாங்கச் செல்பவர் எதைப் பார்ப்பது? இவ்வினா 2023ஆம் ஆண்டின் கோடையிலே நம் வீட்டில் எழுந்தது. அம்மாவும், ஊரிலிருக்கும் சகோதரர் நாம் இருவரும், கனடாவிலிருந்து தொலைபேசி வாயிலாகப் பெரியண்ணாவுமாகப் பல இரவுகள் இதுபற்றி வாதிட்டோம்.

பெக்கோவை அறியாத சிறுவர் இன்று நம் நாட்டில் இரார். முன்னே அகன்ற வாளியும் பின்னே நீண்ட கையுமாக, வீதியின் பாதியை அடைத்துக்கொண்டு ஊர்ந்து செல்லும் மஞ்சள் இயந்திரம் அது. முன்வாளி மண்ணைத் தள்ளி அள்ளும். பின்கையோ மண்வெட்டியைப் போல மண்ணைத் தன்னை நோக்கி இழுத்து வெட்டும். எந்தக் கம்பனி செய்ததாயினும் அதனை ஜே.சி.பி. என்றே அழைப்பாரும் உளர். அம்மூன்றெழுத்தும் ஜோசப் சிரில் பம்போர்ட் என்னும் ஆங்கிலேயரின் பெயர்ச் சுருக்கம். அவர் 1945இல், இங்கிலாந்தின் ஒரு சிறு பட்டினத்தில், வாடகைக் கொட்டகையிலிருந்து கவிழ்க்கும் வண்டி செய்து விற்கத் தொடங்கியவர். 1953இல் முன்வாளியையும் பின்கையையும் ஒரே இயந்திரத்தில் பொருத்தி விற்பனைக்கு விட்டார். 1979இல் அவரது நிறுவனம் இந்தியாவிலும் காலூன்றியது. நம் வீதிகளிற் காண்பவற்றுட் பல அங்கிருந்து கடல் கடந்தவையே.

கமக்காரராகிய நமக்கு அத்தகைய இயந்திரம் ஏன் வேண்டியதாயிற்று என வாசகர் கேட்கலாம். கிளிநொச்சி மாவட்டத்தில், இரணைமடுக் குளத்து நீர் பாயும் பகுதியில், நமக்கு ஐந்து ஏக்கர் காணி உண்டு. 2010ஆம் ஆண்டு மீளக்குடியேறியபோது வீடிருந்த இடத்தில் அத்திவாரமும் கிணற்றுக்கட்டுமே எஞ்சியிருந்தன. வயலை ஊடறுத்து ஒரு மண் அணை கிடந்தது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியெங்கும் எழுப்பப்பட்ட அணைகளுள் அதுவும் ஒன்று. நீளம் 150 மீற்றர். உயரம் 2 மீற்றர். பக்கத்தே, அதற்கு மண் கொடுத்த அகழி. கண்ணிவெடி அகற்றுவோர் வந்து சோதித்துக் காணியைக் கையளித்தனர். அணையை எவரும் கொண்டுசெல்லவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் அதனைச் சுற்றிச் சுற்றியே உழுதோம். மாரியில் அணையின் மேற்பக்கம் நீர் தேங்கிப் பயிர் அழுகும். கீழ்ப்பக்கம் வாய்க்கால் நீர் எட்டாமற் பயிர் வாடும். ஒரே வயலில் ஒரே போகத்தில் வெள்ளத்தையும் வரட்சியையும் கண்டவர் நம்மைப்போற் சிலரே இருப்பர்.

வாடகைக்கு இயந்திரம் பிடித்தால் என்ன? அதையும் கணக்கிட்டோம். அடி 6 மீற்றர், முடி 1 மீற்றர், உயரம் 2 மீற்றர் எனின் அணையின் குறுக்குவெட்டு 7 சதுர மீற்றர். 150 மீற்றர் நீளத்துக்கு 1,050 கன மீற்றர் மண். மாணவர் கவனிக்க வேண்டியது யாதெனில், இறுகிக் கிடந்த மண்ணை வெட்டியதும் அது உப்பும். ஏறக்குறைய காற்பங்கு கூடும். ஆகவே 1,300 கன மீற்றர் எனக் கொண்டோம். முன்வாளி ஏறக்குறைய ஒரு கன மீற்றர் கொள்ளும். வாளி ஒன்றுக்கு இரண்டு நிமிடம் வீதம் 43 மணி நேரம். இவற்றோடு சிறு குளம் ஒன்று வெட்டுதல், வாய்க்கால்கள், பற்றைக்காட்டின் வேர்க்கட்டைகள், வண்டிப்பாதை என யாவற்றையும் கூட்டினால் 140 மணி வந்தது.

வெறுங் கணக்கின்படி 140 மணி வாடகை, இயந்திரத்தின் விலையிற் சிறு பங்கே. ஆயினும் வாடகை இயந்திரம் நம் நாளுக்கு வருவதில்லை. வன்னி மண் கோடையிற் கல், மாரியிற் களி. களியில் ஏழரைத் தொன் பாரமுள்ள இயந்திரம் இறங்கினால் அதனை இழுக்க இன்னோர் இயந்திரம் வேண்டும். சிறுபோக அறுவடைக்கும் காலபோக விதைப்புக்கும் இடைப்பட்ட சில வாரங்களே தகுந்த காலம். அந்த வாரங்களிலேதான் ஊரார் எல்லோருக்கும் பெக்கோ தேவை. இரண்டு ஆண்டுகள் சொல்லிவைத்துக் காத்திருந்தோம். வந்த இயந்திரம் ஒரு நாள் நின்று, பெரிய ஒப்பந்த வேலை கிடைத்ததும் போய்விட்டது. அதன் சொந்தக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. அவருக்கும் வயிறு உண்டு அல்லவா?

வேலை முடிந்ததும் விற்றுவிட்டால், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வேறுபாடும் திருத்தச் செலவுமே நமக்கு உண்மையான செலவு என்பது தம்பியின் வாதம். அவ்வாதம் சரியே, ஆனால் நல்ல இயந்திரம் அகப்பட்டால் மாத்திரமே சரி. கையிலிருந்த பணமோ வீட்டுக் கூரைக்கென்று பெரியண்ணா அனுப்பியது. அந்த மாரியையும் தகரத்தின் கீழ் கழிப்பது என்றாயிற்று.

“கூரைக் காசை இரும்பிலை போடப் போறியளோ?” என்று அம்மா ஒரு முறைதான் கேட்டார். பிறகு ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமலிருப்பது சம்மதமன்று என்பதை நாம் சிறுவயது முதலே அறிவோம்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் டீசல் லீற்றர் ஒன்று 460 ரூபாவைத் தொட்டதையும், கட்டட வேலைகள் நின்றுபோனதையும் எவரும் மறந்திரார். தவணைப் பணம் கட்டமாட்டாத ஒப்பந்தகாரர் சிலர் அடுத்த ஆண்டில் தம் இயந்திரங்களை விற்க முன்வந்தனர். நாம் மூன்றைப் பார்த்தோம். மூன்றுக்கும் நம்மோடு வந்தவர், நாற்பது ஆண்டு இத்தொழிலிற் பழகிய முதிய மெக்கானிக் ஒருவர்.

முதலாவது இயந்திரம் புதுப் பெண்ணைப்போல மின்னியது. அதன் பெயின்ற் இன்னும் மணந்தது. நாம் அதன் முன்னே மயங்கி நிற்க, பெரியவர் சிரித்தார். “தம்பிமார், முன்னைப் பாராதேங்கோ, பின்னைப் பாருங்கோ” என்றார். பின்பக்கம் போனோம். அவர் சொன்னது பின்பக்கத்தையன்று. மூட்டுக்களிற் செருகியிருக்கும் இரும்புப் பின்களை. பெக்கோவின் கைக்குத் தோள், முழங்கை, மணிக்கட்டு என மூன்று மூட்டுக்கள் உண்டு. நாள்தோறும் கிறீஸ் இட்டு வந்தால் அவை நெடுங்காலம் இறுக்கமாயிருக்கும். இடாவிடின் பின்னும் அதைத் தாங்கும் புஷ்ஷும் தேய்ந்து, துளை நீள்வட்டமாகும். பின்வாளியைத் தரைக்குச் சற்று மேலே நிறுத்தி, அவர் தோளாற் பக்கவாட்டில் தள்ளினார். வாளி தளர்ந்த பல்லைப்போல ஆடியது. புதுப் பெயின்றின் கீழே, கை இடம் வலம் திரும்பும் முளையருகில், வெல்டிங் தழும்பு ஒன்று விரலுக்கு அகப்பட்டது. வெடித்த இரும்பை ஒட்டியிருந்தனர். ஒட்டுவது குற்றமன்று, ஒட்டியதை மறைப்பதே குற்றம்.

மணிமானி 4,000 மணி என்றது. இயந்திரத்துக்கு வயது பன்னிரண்டு. ஒப்பந்தகாரரிடம் உழைக்கும் பெக்கோ ஆண்டுக்கு ஆயிரம் மணிக்குக் குறையாது ஓடும். கால்மிதியின் இரும்போ தேய்ந்து வழுவழுப்பாயிருந்தது. மானியை மாற்றலாம், கால்மிதியை மாற்றுவோர் அரியர். நாம் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

இரண்டாவது இயந்திரத்தைப் பார்க்கச் செல்லுமுன் பெரியவர் சொல்லியனுப்பச் சொன்னது ஒன்றே: நாம் வரும்வரை எஞ்சினை முடுக்கக்கூடாது. சூடேறிய எஞ்சின் தன் நோய்களை மறைத்துக்கொள்ளும் என்பார் அவர். சென்று கையை வைத்தோம், சுட்டது. இருந்தும் முடுக்கிப் பார்த்தோம். நீலப் புகை வந்தது. கரும்புகை எனில் காற்று வடி அடைபட்டதாகவோ டீசல் மிகுந்ததாகவோ இருக்கலாம், அது பெரிதன்று. நீலப்புகை எஞ்சின் தன் ஒயிலையே எரிப்பதன் அடையாளம். ஒயில் வார்க்கும் வாயின் மூடியைத் திறந்தபோது அங்கிருந்தும் புகை குபுகுபுவெனத் தள்ளியது. அதற்கு மேல் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது பார்வைக்கு அழகற்றது. பெயின்ற் வெயிலில் வெளுத்து, ஒரு கண்ணாடி உடைந்து, இருக்கை பழஞ்சாக்கினால் மூடப்பட்டிருந்தது. ஆனால் மூட்டுக்கள் ஒவ்வொன்றிலும் பழைய கிறீஸ் கறுத்துப் பிதுங்கி நின்றது. குளிர்ந்த எஞ்சின் இரண்டாம் முறையிற் பிடித்தது. முன்வாளி நிறைய மண்ணை ஏந்தி உயர்த்தி, எஞ்சினை நிறுத்தி, சிலிண்டரின் வெள்ளித் தண்டிலே வெண்கட்டியாற் கோடிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தோம். கோடு அசையவில்லையென்றே சொல்லலாம். வாளிக்குக் கீழே மட்டும் எவரும் நிற்கலாகாது. முன்னும் பின்னுமாகக் கியர் மாற்றினார். இயந்திரம் தயங்காது புறப்பட்டது. அமுக்க ஒயிலைத் தொட்டு மணந்து பார்த்தார். அது பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கருகிய மணம் எனில் சூட்டிலே கெட்டிருக்கிறது. இது இரண்டுமன்று. ஒரு குழாயில் மாத்திரம் கசிவு இருந்தது. தம்பி கையை நீட்டப் போனான். பெரியவர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அக்குழாய்களின் அமுக்கம் அத்தகையது. ஊசித்துளையால் பீறும் ஒயில் தோலைத் துளைத்து உட்செல்லும், விரலையே இழக்க நேரும். மட்டையொன்றைப் பிடித்தே கசிவைத் தேட வேண்டும். உழவு இயந்திரமும் பெக்கோவும் நிற்கும் வீடுகளிற் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவைப்பது நன்று.

விற்பவர் தாமே அதனை ஓட்டியவர். பேசும்போது அவர் கை அடிக்கடி சில்லின் மேலே போய்ப் படிந்தது. நாம் வாங்கியது அவரது கையின் பழக்கத்தை என்றே இன்றும் எண்ணுகிறோம். பதிவுப் புத்தகத்தைப் பார்த்ததில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனி ஒன்றின் பெயர் இருந்தது. மிகுதித் தவணையை நாமே கம்பனியிற் கட்டி, விடுவிப்புக் கடிதம் பெற்ற பின்னரே எஞ்சிய பணத்தை அவர் கையிற் கொடுத்தோம். அடிச்சட்டத்தில் வெட்டிய இலக்கத்தைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க அரை மணி நேரம் சேறு சுரண்டினோம். விலை பேசியதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை. இருபுறமும் பெருமூச்சு விட்டோம்.

விசேட நோக்க வாகனம் செலுத்தும் அனுமதிப்பத்திரம் உடைய மருமகன் ஒருவன் ஆவணி முடிவில் வேலை தொடங்கினான். அணையில் இயந்திரத்தை வைக்குமுன் கண்ணிவெடி அகற்றுவோருக்கு மீண்டும் அறிவித்தோம். அவர்கள் சோதிப்பது குறித்த ஆழத்துக்கே, அணையின் வயிற்றில் இருப்பது வேறு கதை. பின்கையால் மெல்ல மெல்லச் சீவியே மண்ணை எடுத்தான். 43 மணி என்ற நம் கணக்கு 70 மணியாயிற்று. அவசரப்படுத்த எவருக்கும் மனம் வரவில்லை.

அடியில் பனங்குற்றிகள் வரிசையாக அடுக்கிக் கிடந்தன. பதுங்குகுழிக்கு மேல் போட்டவை. அவற்றுட் சில நம் வேலியோரத்துப் பனைகளாயிருக்கலாம் என்றார் அம்மா. வேறோரிடத்தில், வாளிப் பற்களுக்கு இடையே ஓர் அம்மிக் குழவி வந்தது. அணைக்கு மண் அள்ளியவர்கள் நம் வளவையும் சேர்த்து அள்ளியிருக்க வேண்டும். மருமகன் எஞ்சினை நிறுத்திவிட்டான். அம்மா குழவியைக் கழுவிக் கிணற்றடியில் வைத்தார்; அம்மி எங்கே எனக் கேட்கவில்லை, நாமும் தேடவில்லை.

அகழி நிரம்பியது. அந்தக் காலபோகத்தில் ஐந்து ஏக்கருக்கும் ஒரே மட்டத்தில் நீர் பாய்ந்தது. தகரத்தின் ஒழுக்குக்குக் கீழே சட்டி வைத்துக்கொண்டு அதனைப் பார்த்தோம். அணையின் மேற்கு முனையில் முப்பது மீற்றரை மட்டும் தொடவில்லை. பதின்மூன்று ஆண்டுகளில் அதன் மேல் வடலிகள் முளைத்து ஆள் உயரம் வளர்ந்திருந்தன. பெண் பனையை அனுமதியின்றித் தறிக்கச் சட்டம் இடந்தராது என்பதை வாசகர் அறிவர். வடலியில் ஆணேது பெண்ணேது என்று அறிவதெப்படி? அம்மாவின் வாதம் இன்னுஞ் சுருக்கமானது. அது நிற்கட்டும் என்றார்.

குளம் வெட்டி, வாய்க்கால்களைச் சீர்செய்து முடிய அடுத்த கோடையும் சென்றது. மணிக்கு நான்கைந்து லீற்றர் டீசலும், இரண்டு குழாய்களும், ஒரு பின்ரயரும் செலவு. இவற்றைக் கழித்து, வாங்கிய விலைக்குச் சற்றுக் குறைய விற்றோம். வாங்க வந்தவர் காலை ஆறு மணிக்கே வந்து எஞ்சின் மேல் கையை வைத்துப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. கூரைக்கு ஓடு ஏற்றிய லொறி அதே மாதம் வந்தது. மருமகன் போட்டுத் தந்த வண்டிப்பாதையால் அது வாசல்வரை சேறுபடாமல் வந்து நின்றது.