அம்மப்பா பிழையாகப் பாடவில்லை

வாலிபர் இதழுக்குச் சாட்சி ஒன்று எழுதித் தரும்படி கேட்டபோது, குடும்ப ஜெப நேரத்தில் என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்தான் முதலில் நினைவுக்கு வந்தது. அது எனக்குப் பெருமை தருகிற விஷயம் அல்ல. ஆனால் கர்த்தர் அதை வைத்து என்னைத் திருத்தினார். ஆகவே மறைக்காமல் எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் பூட்டப்பட்டபோது நான் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் வயலின் படித்துக்கொண்டிருந்தேன். வாடகைக்கு எடுத்த வயலின் என் அறையில் கிடந்தது. படிப்பிக்க ஆள் இல்லை. ஒரு நாள் யூரியூப்பில் ஏதோ தேடப்போய், அயர்லாந்துக் கிராமத்து வீடு ஒன்றின் குசினியில் ஒரு வயோதிபர் கதிரையில் இருந்து வயலின் வாசிக்கும் காட்சி வந்தது. முன்னால் தாள் எதுவும் இல்லை. கால் மட்டும் தாளம் தட்டிக்கொண்டிருந்தது. அன்றிரவு அதைப் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன்.

அந்த இசையை ரொறன்ரோவில் நேரே படிக்கலாம். ஆனால் ஐரிஷ் இசைக்காரர் கூடியிருந்து வாசிப்பது பெரும்பாலும் மதுச்சாலைகளில். மல்வேர்னிலிருந்து நகரத்துக்குப் பஸ்ஸும் சுரங்க ரயிலும் மாறிப்போக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். அம்மாவிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். “வயலின் படிக்கக் கள்ளுத்தவறணைக்குப் போறதோ?” என்ற ஒரே கேள்வியோடு அந்தக் கதை முடிந்தது. அந்த மாதங்களில் எல்லாமே பூட்டித்தான் கிடந்தன. ஆகவே என் ஆசிரியர் மடிக்கணினிதான்.

அது நல்ல ஆசிரியர் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். யூரியூப்பில் வேகத்தைப் பாதியாகக் குறைத்தாலும் சுருதி இறங்காது. கையைக் கண்ணால் பார்த்து, ஒரு வரியை இருபது தடவை திருப்பிக் கேட்டுப் படிக்கலாம். ஐரிஷ் மெட்டுகளில் பல சிறியவை. இரண்டு பகுதிகள் இருக்கும். ஒவ்வொன்றையும் இரண்டு தரம் வாசிப்பார்கள். அவற்றை எழுதிவைக்க ‘ஏபிசி’ என்றொரு முறை உண்டு. கிறிஸ் வோல்ஷா என்பவர் உருவாக்கி 1990களின் தொடக்கத்தில் வெளியிட்டது. நாங்கள் ‘ச ரி க ம’ என்று எழுதுவதுபோல, அவர்கள் ஆங்கில எழுத்துகளைச் சாதாரணமாகத் தட்டச்சு செய்வார்கள். கணினி அதை வாசித்தும் காட்டும். இணையம் மெதுவாக இருந்த காலத்திலும் ஒரு மின்னஞ்சலுக்குள் பத்து மெட்டுகளை அனுப்ப முடிந்தது. இப்படியே இரண்டு வருடத்தில் நாற்பது மெட்டுகள் வரை மனப்பாடமாக்கிவிட்டேன்.

ஒன்று மட்டும் முடியவில்லை. யாருடனும் சேர்ந்து வாசிக்க முடியவில்லை. அந்த நாட்களில் சூம் ஆராதனையில் நாங்கள் பாட்டுப் பாடியது உங்களுக்கு நினைவிருக்கும். ஒவ்வொரு வீட்டுச் சத்தமும் ஒவ்வொரு நேரத்தில் வந்து சேர, போதகர் கடைசியில் எல்லாரையும் மைக்கை நிற்பாட்டச் சொன்னார். வீட்டுக்கு வீடு நாங்கள் தனித்தனியே பாடினோம். இணையத்தில் வயலின் படிக்கும்போதும் அப்படித்தான். ஆசிரியர் வாசிப்பார், நான் என் மைக்கை மூடிவிட்டு அவரோடு வாசிப்பேன். நான் வாசிப்பது அவருக்குக் கேளாது.

அம்மப்பா அப்போது எங்களோடுதான் இருந்தார். பண்டத்தரிப்பில் பாடகர் குழுவில் வயலின் வாசித்தவர். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வயலினை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர். பிறகு அதைக் காணவில்லை. இங்கே வந்து தொடவும் இல்லை, இப்போது விரல்கள் நடுங்குகின்றன. நான் வாசிக்கும்போது கதவோரம் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பார். “நிண்டுகொண்டு, நாடியிலை செருகிக்கொண்டு வாசிக்கிறாய், நாங்கள் சம்மணம் கட்டியெல்லோ இருப்பம்” என்று பகிடி பண்ணுவார். நான் ‘ஜிக்’ என்ற வகையை வாசித்தால் அவர் கை தன்பாட்டில் தொடையில் “தகிட தகிட” என்று தட்டும். அது திஸ்ர நடைதான் என்று அவர்தான் எனக்குச் சொன்னார்.

ஒரு நாள் ‘ரேக்ஸ் ஒஃப் மல்லோ’ என்ற மெட்டை வாசித்தேன். மல்லோ அயர்லாந்தின் கோர்க் மாவட்டத்தில் ஓர் ஊர். அம்மப்பா நிமிர்ந்து இருந்தார். “இது உனக்கு ஆர் சொல்லித் தந்தது? இது நோட்டுஸ்வரமெல்லோ? எங்கட வாத்தியார் முதல் முதல் படிப்பிச்சது இதுதான்.” நான் நம்பவில்லை. தேடிப் பார்த்தபோது அவர் சொன்னது சரி. முத்துஸ்வாமி தீட்சிதர் சென்னைப் பக்கம் இருந்த காலத்தில், கோட்டைப் பட்டாளத்தின் பாண்டு வாத்தியத்தில் கேட்ட மேல்நாட்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருத வரிகள் எழுதினார். மல்லோ மெட்டில் அமைந்தது ‘வந்தே மீனாக்ஷி’. அவருடைய தம்பி பாலுஸ்வாமி அந்தக் காலத்தில்தான் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் படித்து, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். கோர்க்கிலிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து ஒரு வயலின் வாத்தியார் மூலம் பண்டத்தரிப்புக்கும் போன மெட்டு, மல்வேர்னில் என் அறையில் மறுபடி அம்மப்பாவின் காதில் விழுந்திருக்கிறது. இருவரும் சிரித்துவிட்டோம்.

இவ்வளவு நடந்த பிறகும் நான் அந்தச் சொல்லைச் சொன்னேன்.

எங்கள் வீட்டில் இரவு ஜெபத்தில் அம்மப்பாதான் கீர்த்தனை எடுத்துக் கொடுப்பார். வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்றை அவர் அடிக்கடி பாடுவார். ஒரு வாரம் வாலிபர் ஆராதனைக்கு அதே கீர்த்தனையை வாசிக்கச் சொன்னார்கள். வழக்கம்போல் யூரியூப்பில் எடுத்து, வேகத்தைக் குறைத்துப் படித்தேன். கீபோர்ட்டும் டிரம்ஸும் சேர்ந்த, பல லட்சம் பேர் பார்த்த பாட்டு. அன்றிரவு ஜெபத்தில் அம்மப்பா பாடும்போது அனுபல்லவி வேறு பக்கமாகப் போனது. நான் இடையில் நிறுத்தினேன். “அம்மப்பா, நீங்கள் பிழையாப் பாடுறீங்கள். யூரியூப்பிலை இப்பிடி இல்லை.” சொன்னதோடு நிற்காமல், தொலைபேசியில் போட்டும் காட்டினேன்.

அவர் முழுவதையும் கேட்டார். “அப்பிடியே?” என்று மட்டும் சொன்னார். அடுத்த நாள் ஜெபத்தில், “பிள்ளை எடுத்துக் குடுக்கட்டும்” என்றார். அதற்குப் பிறகு பல மாதங்கள் அவர் வாய் அசையும், சத்தம் வராது. அம்மா கவனித்திருக்கிறார். நான் கவனிக்கவில்லை.

எனக்கு உறைத்தது ஐரிஷ் இசையினால்தான். மைக்கல் கோல்மன் என்ற வயலின்காரரைப் பற்றி வாசித்தேன். 1891இல் ஸ்லைகோ மாவட்டத்தில் பிறந்து, 1914இல் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தவர். 1920களிலும் 30களிலும் அங்கே இசைத்தட்டுகளில் வாசித்தார். அந்தத் தட்டுகள் கப்பலேறி அயர்லாந்துக்குத் திரும்பிப் போயின. வாசிப்பு அவ்வளவு அருமை. நாடு முழுவதும் இளம் வயலின்காரர் அவரைப் பார்த்து வாசிக்கத் தொடங்கினார்கள். அதில் வந்த நட்டம் என்னவென்றால், ஊருக்கு ஊர் இருந்த சொந்த வாசிப்பு முறைகள் பல இடங்களில் மங்கிப்போயின. தட்டில் வந்ததுதான் சரி, பக்கத்து வீட்டுப் பெரியவர் வாசிப்பது பழசு என்று ஆகிவிட்டது. கோல்மன் யாருக்கும் தீங்கு நினைக்கவில்லை. கேட்டவர்கள்தான் அப்படி முடிவு செய்தார்கள்.

அதை வாசித்தபோது, கதிரையில் வாய் மட்டும் அசைய இருக்கும் அம்மப்பாதான் கண்முன் வந்தார்.

எங்கள் கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். மேலே ராகம் இன்னது, தாளம் இன்னது என்று இருக்கும். கீழே வரிகள் இருக்கும். மெட்டுக்கு ஸ்வரம் இராது. திருநெல்வேலியில் 1774இல் பிறந்து, தஞ்சாவூரில் பாடி, 1864இல் மரித்த சாஸ்திரியாரின் பாட்டுகள் கையெழுத்தாகவும் காதுவழியாகவும் பரவின. 1853இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அந்த மதுரை மிஷன் 1834இல் யாழ்ப்பாணத்து மிஷனரிகளால் தொடங்கப்பட்டது என்பது எங்களுக்குச் சந்தோஷமான செய்தி. அச்சிலே வரிகள் ஒன்றாயின. மெட்டோ ஒவ்வொரு சபையிலும் பெரியவர்கள் வாயிலேயே இருந்தது. ஆகவே பண்டத்தரிப்பில் அனுபல்லவி வேறு பக்கமாகப் போனால், அது பிழை அல்ல, பண்டத்தரிப்பின் பாட்டு. அந்தப் பாட்டுக்கு ஒலிப்பதிவு எதுவும் இல்லை. அந்தப் பாடகர் குழுவில் மிஞ்சியிருப்பவர்களும் மிகச் சிலர். நான் ஒரு நூற்றாண்டுப் பாட்டை ஒரு தொலைபேசியைக் காட்டி நிற்பாட்டியிருக்கிறேன்.

அன்றிரவு அவர் அறைக்குப் போனேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. “அம்மப்பா, அண்டைக்கு நான் சொன்னது பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எனக்கு உங்கட மெட்டைச் சொல்லித் தாங்கோ” என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “வயலினை வை. முதல்லை தாளத்தைப் போடு” என்றார்.

அதன் பிறகு சனிக்கிழமை பின்னேரங்களில் இருவரும் இருந்தோம். என் மெத்தையில் அவர், நிலத்தில் நான். அவர் ஒரு வரி பாடுவார், நான் திருப்பிப் பாடுவேன். வேகத்தைக் குறைக்கிற பொத்தான் அவரிடம் இல்லை; ஆனால் நான் எங்கே தடுக்குகிறேன் என்று பார்த்து அவரே நின்று தருவார். கணினி ஒருநாளும் அப்படி நின்றதில்லை. வரி மறந்துபோனால் தாளத்தைப் போட்டுக்கொண்டே இருப்பார். இரண்டு சுற்றுக்குள் வரி வந்துவிடும். பாட்டோடு கதையும் வரும். இது மாரிகாலத்து ஜெபக்கூட்டத்தில் பாடியது, இது அம்மம்மாவின் அடக்க ஆராதனையில் பாடியது என்று சொல்வார். இதுவரை இருபத்துமூன்று கீர்த்தனைகள் பதிந்திருக்கிறோம். அவற்றை ‘ச ரி க ம’விலும் ஏபிசியிலும் எழுதிவைக்கிறேன். கணினியில் படித்த வித்தை இதற்குத்தான் உதவுகிறது.

இந்த வேலையில் என்னைத் தேற்றியவர் சிக்காகோவின் பொலிஸ் தலைவர் ஒருவர். பெயர் பிரான்சிஸ் ஓநீல். 1848இல் கோர்க் மாவட்டத்தில் பிறந்து, கப்பலில் வேலை செய்து, அமெரிக்கா போய், 1901 முதல் 1905 வரை சிக்காகோ பொலிஸின் தலைவராக இருந்தார். தாய்வீட்டில் கேட்ட மெட்டுகள் புலம்பெயர்ந்த நாட்டில் அழிந்துபோகும் என்று பயந்து, தன்னைப்போல் வந்திருந்தவர்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுச் சேர்த்தார். ஸ்வரப்படுத்தி எழுதுவதில் அவருக்குத் தேர்ச்சி இல்லை. அவர் வாசிக்க, ஜேம்ஸ் ஓநீல் என்ற சக பொலிஸ்காரர் எழுதினார். 1903இல் 1850 மெட்டுகளோடு புத்தகம் வந்தது. இன்று அயர்லாந்திலேயே இருப்பவர்கள்கூட அந்தப் புத்தகத்தைத் திறந்து படிக்கிறார்கள். ஊரைவிட்டு வந்தவர்களும் ஊரின் சொத்தைக் காக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

வாலிப நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஓர் அம்மம்மாவோ அப்பப்பாவோ இருப்பார். தொலைபேசி உங்கள் கையில்தான் இருக்கிறது. நான் செய்து பழகிய சிலவற்றைச் சொல்கிறேன். முதலில் அனுமதி கேளுங்கள். தொலைபேசியை முகத்துக்கு நேரே பிடிக்காமல் மேசையில் வைத்துவிடுங்கள். திகதி, பெயர், ஊர், எந்தச் சபையில் யாரிடம் படித்தது என்பதை அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். முதல் தரம் அவர்கள் தனியே பாடட்டும்; இரண்டாம் தரம் சேர்ந்து பாடுங்கள். திருத்தாதேயுங்கள். பதிந்ததை இரண்டு இடங்களில் சேமியுங்கள்.

கொலோசெயர் 3:16ஐ எடுத்து வாசித்துப் பாருங்கள். கீர்த்தனை என்ற சொல் அங்கேயே இருக்கிறது. பாட்டினால் ஒருவருக்கொருவர் போதிக்கும்படிதான் பவுல் சொல்கிறார். ஒருவருக்கொருவர் என்றால் இரண்டு பேர் வேண்டும். திரையில் பாடுகிறவருக்கு என் குரல் கேளாது. அம்மப்பாவுக்குக் கேட்கும்.

போன மாதம் வீட்டு ஜெபக்கூட்டத்தில் அந்தக் கீர்த்தனையை அம்மப்பாவின் மெட்டில் நான் வாசிக்க, அவர் சத்தமாகப் பாடினார். முடிந்ததும் மானிப்பாய் அன்ரி ஒருவர், “எங்கட பக்கம் இது வேற மாதிரியெல்லோ” என்றார். அம்மப்பா என்னைப் பார்த்தார். நான் தொலைபேசியை எடுத்து மேசையில் வைத்து, “அன்ரி, பாடுங்கோ” என்றேன்.