பொண்ணோட அப்பா எங்கே சார்?

தங்கச்சிக்குக் கல்யாணம் நிச்சயமானதும் சித்தப்பா வேலைகளைப் பங்கு பிரித்தார். மண்டபம் அவர். சமையல் மாமா. "நீ பி.காம் படிச்சவன். பேரம் பேசத் தெரியும். போட்டோகிராபரை மட்டும் நீ பார்த்துக்கோ" என்று என் தலையில் கட்டினார். பி.காமில் பேரம் ஒரு பாடமே இல்லை என்பதை அவரிடம் யார் சொல்வது?

ப்பூ, இவ்வளவுதானே என்று திருச்சி தில்லைநகர்ப் பக்கம் கிளம்பினேன். நாலு நாளில் ஏழு கொட்டேஷன். ஆபீஸ் புத்தி சும்மா இருக்குமா? எக்ஸெலில் கட்டம் போட்டு ஒப்பிட்டுப் பார்த்தேன். 65,000-லும் இருக்கிறது, 1,80,000-லும் இருக்கிறது. இரண்டு பேரும் எடுக்கப் போவது அதே மாப்பிள்ளை, அதே தாலி!

விசாரித்ததில் ஞானம் பிறந்தது. இப்போதெல்லாம் போட்டோவில் இரண்டு ஜாதி. ட்ரெடிஷனல் என்றால் நாம் கேமராவைப் பார்த்து முறைக்க வேண்டும். கேண்டிட் என்றால் கேமராவே இல்லாத மாதிரி வேறு எங்கேயோ பார்த்து முறைக்க வேண்டும். இரண்டாவதற்கு ரேட் ஜாஸ்தி. இது போக ப்ரீ-வெட்டிங் ஷூட். "தனுஷ்கோடி மணல்ல மாப்பிள்ளையையும் பொண்ணையும் ஓட விட்டு எடுப்போம் சார், சினிமா மாதிரி இருக்கும்" என்றார் ஒருவர். எங்கள் மாப்பிள்ளை பஸ்ஸைப் பிடிக்கவே ஓட மாட்டார்.

இன்னொருவர், "ட்ரோன் இல்லாம கல்யாணமா சார்?" என்று பதறினார்.

"மண்டபத்துக்குள்ளே முப்பது ஃபேன் ஓடுமேப்பா!"

"வெளியே பறக்க விடுவோம் சார்."

2021-ல் வந்த ட்ரோன் விதிகள்படி, 250 கிராமுக்கு மேல் எடையுள்ள ட்ரோனைத் தொழிலுக்காக ஓட்டுகிறவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். "இருக்கா?" என்றேன்.

"பையன் நல்லா ஓட்டுவான் சார்" என்றார். ட்ரோன் பத்தியை எக்ஸெலிலிருந்து அழித்தேன்.

உண்மையைச் சொல்லி விடுகிறேன். நான் இந்த அளவுக்குக் குடைந்ததற்குக் காரணம் காசு இல்லை. ஒரு பழைய கணக்கு பாக்கி இருந்தது.

என் அப்பா அம்மா கல்யாணம் 1984-ல். ஸ்டுடியோக்காரர் ஒரே ஒரு 120 ஃபிலிம் ரோலோடு வந்திருக்கிறார். ஒரு ரோலுக்கு 12 படம்தான். அதனால் மனுஷர் எண்ணி எண்ணி அமுக்கியிருக்கிறார். 12 படத்திலும் அப்பா இருக்கிறார். ஒன்றில்கூடக் கண்ணை மூடவில்லை.

அப்புறம் 1994-ல் மாமா கல்யாணம். வீடியோ கேசட் காலம். மிக்ஸிங் என்ற பெயரில் மாமாவைத் தாமரைப் பூவுக்குள் உட்கார வைத்துச் சுற்ற விட்டிருந்தார்கள். அத்தை ஹார்ட்டினுக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பாள். அந்த கேசட்டில் பூஞ்சை பிடித்துத் தாமரை, மாமா எல்லாம் போய்ச் சேர்ந்தாயிற்று. (மாமா சௌக்கியம். கேசட்டில்தான் போய்விட்டார்.)

2016-ல் என் கல்யாணம். ஹார்ட் டிஸ்கில் 2,316 படங்கள்! ஆபீஸ் முழுக்கக் காட்டிப் பெருமை அடித்தேன்.

2020-ல் அப்பா போய்விட்டார். அன்றைக்கு ராத்திரி, மாலை போட ஒரு படம் வேண்டுமென்று அந்த ஹார்ட் டிஸ்கைத் திறந்தேன். மருதாணிக் கை இருக்கிறது, பக்கம் பக்கமாக. என் செருப்பு மட்டும் ஒன்பது படம். இலையில் ஜாங்கிரி, தனியாக, சைடு போஸில். அப்பா? தேடித் தேடிப் பதினாலு படம். எட்டில் முதுகு. நாலில் யாரோ ஒருவர் தலைக்குப் பின்னால் பாதி முகம். ஒன்றில் கண் மூடியிருக்கிறார். தாலி கட்டுகிற படத்தில் அவருடைய தோள் மட்டும், கலங்கலாக. எல்லாவற்றிலும் அக்குளில் ஒரு மஞ்சள் பை. சமையல்காரருக்கு, நாதஸ்வரத்துக்கு, பூக்காரருக்கு என்று செட்டில் பண்ண வேண்டிய பணம். குடும்ப குரூப் போட்டோ எடுக்கும்போது தண்ணி கேன் வரவில்லை என்று கீழே ஓடியிருந்தார்.

கடைசியில் பென்ஷன் புத்தகத்துக்காக எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைப் பெரிதாக்கி மாட்டினோம். வீட்டில் அப்பா சிரிக்காத நாள் கிடையாது. சுவரில் மட்டும் சிரிக்காமல் இருக்கிறார்.

போட்டோகிராபரைக் குறை சொல்ல மாட்டேன். "குரூப் போட்டோல்லாம் போர் பாஸ், ஜாலியா கேண்டிட் எடுங்க" என்று அவரிடம் சொன்ன மேதாவி அடியேன்தான்.

அதனால் இந்த முறை எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்டேன். "இன்ஸ்டாகிராம்ல இருக்கிற பொறுக்கின படமெல்லாம் வேணாம். ஏதாவது ஒரு கல்யாணத்தை முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் முழுசாக் காட்டுங்க." காட்டினால் அடுத்த கேள்வி: "இதுல பொண்ணோட அப்பா எங்கே சார்?"

ஏழு பேரில் நாலு பேர் முழு ஆல்பம் காட்டவே இல்லை. ஒருவர் ரொம்ப நேரம் தள்ளித் தள்ளிப் பார்த்து, "இவரா இருக்கலாம்" என்று வழுக்கைத் தலை ஒன்றைக் காட்டினார். இன்னொருவர் காட்டியது புரோகிதரை!

ஆறாவதாகப் போனது உறையூரில் ஒரு சின்ன மாடி ரூம். பையனுக்கு இருபத்தெட்டு வயசு இருக்கும். கேள்வி கேட்டதும் யோசிக்காமல் ஒரு படத்தை எடுத்தான். நடு ராத்திரி, காலியான பந்திக் கூடம், மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு பெரியவர் ரூபாய் எண்ணிக்கொண்டிருக்கிறார். தோளில் துண்டு, காலில் செருப்பு இல்லை. "இவர்தான் சார். கல்யாணத்தை நடத்தினவரே இவர்தானே" என்றான்.

அங்கேயே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். பேரம் பேச மறந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

கல்யாணத்துக்குக் காத்திருக்கும் வாலிபர்களே, இந்தப் பாவி கற்றதில் கொஞ்சம் உங்களுக்கு. முகூர்த்த நாளில் ஒரே ஸ்டுடியோ இரண்டு மூன்று கல்யாணம் ஒப்புக்கொள்வது உண்டு. உங்கள் மண்டபத்துக்கு யார் வருவார் என்பதை எழுதி வாங்குங்கள். படங்களை அன்றைக்கே இரண்டு இடத்தில் காப்பி எடுப்பாரா என்று கேளுங்கள். ஆல்பம் லேட்டானால் அவரைத் திட்டுமுன் உங்கள் மனசாட்சியைக் கேளுங்கள். படம் பொறுக்கிக் கொடுக்காமல் ஆறு மாசம் இழுப்பது பெரும்பாலும் நாம்தான். 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, நீங்கள் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவின் உரிமை உங்களுடையது, வேறு மாதிரி ஒப்பந்தம் போடாத வரைக்கும். ஆகவே கையெழுத்துப் போடுமுன் பொடி எழுத்தையும் படியுங்கள். முக்கியமாக, அவர்களைச் சாப்பிட வையுங்கள். கடைசிப் பந்தியில் ரசம்கூட மிஞ்சாது.

ஒரு லிஸ்ட்டும் கொடுங்கள், யார் யார் படத்தில் கண்டிப்பாக வர வேண்டும் என்று. என் லிஸ்ட்டில் முதல் பெயர் அம்மா. தாரை வார்க்கச் சித்தப்பாவும் சித்தியும் உட்கார்ந்தார்கள். அம்மா, எவ்வளவு சொல்லியும், "நல்ல நேரத்துல நான் எதுக்குடா முன்னாடி?" என்று தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். எனக்குச் சண்டை போட நேரமில்லை. கெட்டிமேளம் ஆரம்பித்துவிட்டது.

போன வாரம் படங்கள் வந்தன. தாலி கட்டுகிற அந்த நிமிஷம் மூன்று கேமரா மணமேடையைப் பார்த்திருக்கிறது. நாலாவது, தூணைப் பார்த்திருக்கிறது. இரண்டு கையிலும் அட்சதையோடு அம்மா. கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. இரண்டும் ஒரே சமயத்தில்.

அம்மா அதை ரொம்ப நேரம் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அடுத்த படத்துக்குப் போனாள். அதில் நான். பந்திக் கூடத்துக்கும் வாசலுக்கும் நடுவில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரையோ "தண்ணி கேன் என்னாச்சு?" என்று கத்திக்கொண்டிருக்கிறேன். அக்குளில் மஞ்சள் பை.

"அப்படியே உங்கப்பாடா" என்றாள் அம்மா.

ஒரே ஒரு வித்தியாசம்தான். எனக்கு முகம் தெரிகிறது.