எம்மூரின் முன்னோடிகள்

சரித்திரச் சின்னங்களைக் காண அநுராதபுரத்துக்கும் பொலனறுவைக்கும் செல்வது நம் மாணவரிடையே நிலைத்துவிட்ட வழக்கம். சப்பிரகமுவைத் தோட்டமொன்றிற் பிறந்தவன் தன்னூரிலும் அத்தகைய சின்னங்கள் உண்டு எனக் கூறின், நகைப்பே மறுமொழியாகக் கிடைக்கும். எனினும் கடந்த விடுமுறையைப் பெல்மதுளைக்கும் இரத்தினபுரிக்கும் இடையே நடப்பதிற் கழித்தேன்.

முதலிலே தேடியது புகையிரதப் பாதையை. இரண்டடி ஆறங்குல அகலங்கொண்ட களனிப் பள்ளத்தாக்குப் பாதை 1912இல் இரத்தினபுரியையும் 1919இல் ஓப்பநாயக்கையையும் அடைந்தது. அவிசாவளைக்கு அப்பாலுள்ள பகுதி 1976இல் மூடப்பட்டது. தேயிலையும் இறப்பரும் கொழும்புக்குச் சென்ற வழி இன்று சிலவிடத்து வீட்டு முற்றம். சிலவிடத்து ஒற்றையடிப் பாதை.

முன்னோடி என்றதும் நம் பாடநூல்கள் 1867இல் லூல்கந்துரையிற் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரையே சுட்டும். அவர் முன்னோடி என்பதில் ஐயமில்லை. ஆயின் பத்தொன்பது ஏக்கரையும் அவர் தனியே கொத்தியிருக்க இயலாதன்றோ! எங்கள் தோட்டத்து மேற்பிரிவில் ஒரு துரையின் கல்லறை உண்டு. பெயரும் பிறந்த ஊரும் இறந்த ஆண்டும் கருங்கல்லில் இன்றும் தெளிவாகவே உள்ளன.

தொழிலாளரின் இடுகாடு அதற்குக் கீழே, இறப்பர் மலையிலே இருக்கிறது. அங்குதான் என் அப்பாயி புதைக்கப்பட்டார். 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரும் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஒரே லயத்தில், ஒரே காம்பராவில் வாழ்ந்தோரையும் அக்கணக்கு ஊடறுத்தது. என் தந்தை இங்கே தங்கினார். அவருடைய மூத்த தமக்கை தலைமன்னாரிற் கப்பலேறி, கூடலூரிலே கொழுந்தெடுத்து முதுமையடைந்தார். தம் தாயின் குழியைப் படம்பிடித்து அனுப்புமாறு அந்த அத்தை என்னிடம் கேட்டிருந்தார்.

அடையாளத்துக்கு நட்ட அரளியைக் காணவில்லை. மறுநடுகையின்போது பழைய மரங்களுடன் அதுவும் பிடுங்கப்பட்டதாம். பால்வெட்டி நின்ற முதியவளொருத்தி என்னை மேலும் கீழுமாக நோக்கிவிட்டுக் கத்தியால் ஒரு நிரையைச் சுட்டினாள். "இந்த நெரைக்குள்ளதான் தம்பி. எந்த மரம்னு கேக்காதீங்க. எங்க அம்மாவும் இங்கனதான் கெடக்கு."

வரலாற்றுத் துறையினர் இத்தகைய இடத்தை எவ்வகையிற் சேர்ப்பரோ! கல்வெட்டில்லை, செப்பேடில்லை, பெயர் எழுதிய செக்ரோல் புத்தகங்களும் கறையானுக்கு இரையாகியிருக்கும். முதியவளின் சொல்லொன்றே சான்று. அவளுக்கும் எழுபதுக்கு மேல் இருக்கும். அன்று மாலையே அவள் கூறியவற்றை நாட்குறிப்பில் எழுதி, நிரையின் எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டேன்.

சிரட்டைகளிற் பால் வடிந்துகொண்டிருந்த அந்நிரையைப் படம்பிடித்து அனுப்பினேன். அத்தையின் மறுமொழியிற் குழியைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை. கீழேயிருந்த பீலியில் இன்னும் தண்ணீர் வருகிறதா என்று மட்டும் கேட்டிருந்தார். வருகிறது என எழுதினேன்.