எண்ணெய் எங்கே விழுகிறது?

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரைச் சுற்றி, பழைய போர்ஷே 911 கார்களை மட்டுமே பழுதுபார்க்கும் சிறு பட்டறைகள் உண்டு. பக்கத்திலுள்ள சுஃபன்ஹவுசன் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த கார்கள், முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்து அங்கே லிஃப்டில் ஏறி நிற்கின்றன. தண்ணீரின்றிக் காற்றாலும் எண்ணெயாலுமே குளிரும் ஆறு சிலிண்டர் இன்ஜின் அவற்றில் இருக்கிறது. 1964இல் உற்பத்திக்கு வந்த அந்த வகை 1998 வரை நீடித்தது. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், அநேகமாக எல்லா இன்ஜினிலும் எங்காவது ஓர் ஈரம் தென்படுகிறது. சரிசெய்வதா, விட்டுவிடுவதா என்று உரிமையாளர்கள் கேட்கிறார்கள். எத்தனை சொட்டு என்பதை வைத்துத்தான் பெரும்பாலோர் பதிலை நிச்சயிக்கிறார்கள். அந்த மெக்கானிக்குகளின் வேலையைக் கவனித்ததில், சொட்டுக் கணக்கு இரண்டாம் பட்சம் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். எண்ணெய் எதன்மேல் விழுகிறது, கசியும் இடத்தை எட்ட எதையெல்லாம் கழற்ற வேண்டும் என்ற இரண்டும்தான் முதலில் பார்க்க வேண்டியவை.

கசியும் இடத்தைக் கண்டுபிடிப்பதே பாதி வேலை. இந்த இன்ஜினில் பெரிய விசிறி ஒன்று மேலிருந்து கீழாகக் காற்றைத் தள்ளுகிறது. மேலே கசிந்த எண்ணெயை அது விலா விலாவாக இருக்கும் சிலிண்டர்களின் மேல் பரப்பி, அடியில் எங்கோ கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கூரையில் ஓட்டை ஓரிடமும் ஒழுகல் வேறிடமுமாக இருப்பதுபோலத்தான். அதனால் தேர்ந்த கை உடனே ஸ்பேனரை எடுப்பதில்லை. முதலில் இன்ஜினைத் துப்புரவாகக் கழுவுகிறது. எண்ணெயில் ஒளிரும் சாயத்தைக் கலந்து, கொஞ்ச தூரம் ஓட்டி வந்து, புற ஊதா விளக்கில் தேடுகிறது. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டினால் மூன்று பேர்மேல் சந்தேகம் வரும்: ஃப்ளைவீல் பக்கத்து ஆயில் சீல், கியர்பாக்ஸின் சீல், கிராங்க்கேஸின் மேற்புறத்தில் விசிறிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் தெர்மோஸ்டாட்டின் ஓ ரிங். கியர் ஆயிலில் கந்தக நெடி அடிக்கும். மூக்கே அதைச் சொல்லிவிடும். மற்ற இரண்டையும் பிரித்தறிவதில்தான் தவறு நடக்கிறது. மேலே தெர்மோஸ்டாட், எண்ணெய் அழுத்த ஸ்விட்ச், காற்றுப்போக்கி மூடி ஆகிய மூன்றும் நெருங்கி நிற்கின்றன. அங்கே கசிந்தது பின்பக்கமாக வழிந்து ஃப்ளைவீல் அருகே சொட்ட, சீல்தான் குற்றவாளி என்று முடிவுகட்டி அதை மாற்றுகிறார்கள். செலவு செய்த பிறகும் தரையில் அதே கறை.

எண்ணெய் எதன்மேல் விழுகிறது என்பதற்கு இந்தக் கார் கண்கூடான சான்று தருகிறது. சிலிண்டர்களுக்கு அடியில் ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்ற தகரக் கூடு இருக்கிறது. புகைக்குழாயின் சூட்டில் காற்றைக் காய்ச்சி, காருக்குள் வெதுவெதுப்பாக அனுப்புவது அதன் வேலை. கீழ்ப்பக்க வால்வு மூடியின் கேஸ்கட்டோ, கேம் உறையிலிருந்து கிராங்க்கேஸுக்கு எண்ணெயைத் திருப்பி அனுப்பும் நான்கு குழாய்களின் ஓ ரிங்குகளோ இறுகிப் போனால், எண்ணெய் நேராக அந்தச் சூட்டின்மேல் விழும். புகையும் நாற்றமும் ஹீட்டர் வழியே ஓட்டுபவரின் முகத்துக்கு வரக்கூடும். தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. நாளுக்கு நாலு சொட்டு என்றாலும் இதைத் தள்ளிப்போடக் கூடாது. வால்வு மூடி கேஸ்கட் மலிவு. 911இன் 3.2 கரேரா வகையில் பன்னிரண்டு வால்வுகளின் இடைவெளியையும் 0.10 மில்லிமீட்டருக்குச் சரிபார்க்கும் பராமரிப்பிலேயே அந்த மூடிகள் எப்படியும் கழன்று வரும். எண்ணெய்க் குழாய்களுக்காகச் சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. பழையதை வெட்டி எடுத்துவிட்டு, நீட்டிப் பொருத்தும் இரண்டு துண்டுக் குழாயைப் போடலாம். ஆனால் ஹீட் எக்ஸ்சேஞ்சரை இறக்கும்போது துருப்பிடித்த புகைக்குழாய் ஸ்டட் முறிந்தால், அரை நாள் வேலை இரண்டு மூன்று நாள் இழுக்கும். அதனால்தான் ஸ்டட்டைச் சூடேற்றி, ஊறவைத்து, நிதானமாகத் திருப்பும் ஆளுக்குக் கூலி அதிகம். கொடுக்கலாம்.

மறுகோடியில் இருப்பது கிராங்க்கேஸின் இரு பாதிகளும் சேரும் கோடு. அங்கே கேஸ்கட் கிடையாது. மெல்லிய பசைப் படலம் மட்டுமே எண்ணெயைத் தடுக்கிறது. அதைப் புதிதாக்க இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்து இறக்கி, ஹெட், சிலிண்டர், பிஸ்டன் எல்லாவற்றையும் கழற்றி, இறுதியில் பெட்டியைப் பிளக்க வேண்டும். விரல் ரேகைகூடப் படாமல் துடைத்த உலோகத்தில் சின்ன ரோலரால் பசையை உருட்டும் வேலை பார்க்கவே அழகானது. குறைந்தால் கசியும், கூடினால் உள்ளே பிதுங்கி எண்ணெய் வழியை அடைக்கும். அப்படிப்பட்ட கை இருப்பதாலேயே, வெறும் ஈரத்துக்காக அதைச் செய்யச் சொல்வது நியாயமாகிவிடாது. 1977 வரையிலான பல 911களில் கிராங்க்கேஸ் மேக்னீசியம். அரை நூற்றாண்டாகச் சூடேறிச் சுருங்கிய அந்த உலோகத்தில் புதிய மரைச் சிக்கல்களைத் திறப்பவரே உண்டாக்கிவிடலாம். 964 என்ற 911 தலைமுறையின் தொடக்க வருடங்களில் வந்த இன்ஜின்கள் வேறு கதை. சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே சீல் வளையமே இல்லாமல் வெளிவந்தவை அவை. நிறுவனமே 1991 வாக்கில் வடிவமைப்பை மாற்றியது. அங்கே கசிவு வயதால் வந்தது மட்டுமன்று. பழுதுபார்ப்பதன் பொருளும் மாறிவிடுகிறது.

‘இந்தக் கார் எல்லாமே கசியும், எண்ணெய் ஊற்றி ஓட்டு’ என்பார்கள். பாதிதான் உண்மை. எண்ணெய் தனித் தொட்டியில் இருக்கும் அமைப்பு என்பதால், நெடுநாள் நிறுத்திய காரில் அது மெல்ல இன்ஜினுக்குள் இறங்கிச் சீல்களில் நனைகிறது. அடிக்கடி ஓட்டினாலே ஓரளவு குறையும். ஆனால் சமதரையில், இன்ஜின் சூடாகி ஓடும்போது பார்க்க வேண்டிய எண்ணெய் மட்டத்தைக் குளிர்ந்தபின் பார்த்து, குறைவு என்று நினைத்து மேலும் ஊற்றுபவர்களும் இவர்களே. மிஞ்சிய எண்ணெய் காற்றுவழியில் ஏறிப் புகையாகிறது. சீலை ஊதவைக்கும் திரவங்களை நம்புபவர்களுக்கு ஒன்று: உலோகமும் உலோகமும் சேரும் கோட்டில் ஊதுவதற்கு ரப்பரே இல்லை. கார்களின் விலை ஏறிவிட்டதே, ஒரேயடியாக முழுசாகப் பிரித்துக் கட்டினால் என்ன என்பது கொஞ்சம் வலுவான வாதம். விற்கப் போகிறவருக்கு அது கணக்காக இருக்கலாம். சிலிண்டரின் காற்றுக் கசிவை அளக்கும் லீக்டவுன் சோதனையில் நன்றாக வரும் இன்ஜினைச் சந்தைக்காகப் பிரிப்பதை நல்ல மெக்கானிக் விரும்புவதில்லை. நானும் ஏற்கவில்லை. சொட்டும் எண்ணெய் மண்ணையும் நீரையும் கெடுக்கும் என்ற வாதத்துக்கு மட்டும் என்னிடம் மறுப்பில்லை. 30 வயது தாண்டிய காருக்கு ஜெர்மனி 1997 முதல் தனி எண் பலகை தருகிறது. இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் சோதனையில் மட்டும் சலுகை இல்லை. ஈரம் சிறு குறையாகப் போகலாம்; சொட்டினால் சோதனையில் தேறியதற்கான வில்லை கிடைக்காது.

ஆகவே என் தீர்ப்பு இது: சூடான குழாயின்மேல் விழுவதை இந்த வாரமே நிறுத்துங்கள். கிளட்ச் தட்டை நனைப்பதையும் தாமதிக்க வேண்டாம். மேற்புற ஓ ரிங்குகளையும் ஃப்ளைவீல் சீலையும், கசிவு வெறும் ஈரமாக இருக்கும்வரை, கிளட்ச் மாற்ற இன்ஜின் இறங்கும் நாளுக்குப் பட்டியல் போட்டு வைத்து, அன்று ஒன்றையும் விடாமல் மாற்றுங்கள். கிராங்க்கேஸ் கோட்டில் ஈரம் மட்டும்தான் என்றால், துடைத்துவிட்டு ஓட்டுங்கள்.